நமத்துப் போனதை விற்று ஓடுகிற ரயில்

எங்காவது சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்பவர்களுக்கான ரயில் இல்லை இது. மொத்த நீளமே 6.4 கிலோமீட்டர், பத்து ஸ்டேஷன். இந்த முனையில் ஏறி உட்கார்ந்தால் இருபது நிமிடத்தில் அந்த முனையில் இறக்கிவிடும். கணக்குப் போட்டால் மணிக்கு இருபது கிலோமீட்டர்கூட வராது. ஜப்பானில் சிபா மாகாணத்தின் கிழக்குக் கோடியில், பசிபிக் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் சோஷி என்ற மீன்பிடி ஊரில் ஓடுகிறது. கம்பெனியின் பெயர் சோஷி டென்டெட்சு. 2023 ஏப்ரலில் என் அத்தையோடு போனேன். அத்தை என்றால் மாமியார்.

அத்தையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் இந்த விமர்சனம் புரியாது. முப்பது வருஷமாக வீட்டிலேயே பண்டம் சுட்டு விற்றவர். முறுக்கு, தட்டை, அதிரசம், சீடை எல்லாம். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் மன்னிக்க முடியாத குற்றம் ஒன்றுதான்: நமத்துப் போன பண்டத்தை அடுத்தவர் கையில் கொடுப்பது. டின்னைத் திறந்தால் ஒரு தட்டையை எடுத்துக் காதருகே வைத்து உடைத்துப் பார்ப்பார். சத்தம் சரியில்லை என்றால் அந்த டின் மாட்டுக்குத்தான்.

டோக்கியோவுக்கு வந்த முதல் வாரமே புல்லட் ரயிலில் கூட்டிப் போனோம். இறங்கியதும், "எப்படி இருந்துச்சுங் அத்தை?" என்று கேட்டதற்கு, "ஏரோப்ளான் மாதிரிதான் இருக்குது கண்ணு. வெளிய ஒரு மரத்தக்கூட முழுசாப் பாக்க முடியல" என்றார். சரி, மரம் தெரிகிற வேகத்தில் ஓடுகிற ரயில் ஒன்றைக் காட்டலாம் என்றுதான் சோஷிக்குக் கிளம்பினோம்.

டோக்கியோவிலிருந்து ஜேஆர் என்ற பெரிய ரயில் கம்பெனியின் ஷியோசாய் எக்ஸ்பிரஸில் இரண்டு மணி நேரத்துக்குள் சோஷி. இறங்கியதும் எல்லோரும் போகிற வாசல் பக்கம் போகாதீர்கள். அதே பிளாட்ஃபார்மில் ரயில் மூக்கு பார்க்கும் திசையில் நடந்துகொண்டே இருந்தால், பிளாட்ஃபார்ம் தீரப்போகிற இடத்தில் ஹாலந்து நாட்டுக் காற்றாலை மாதிரி ஒரு சின்னக் கட்டடம் வரும். சோஷி டென்டெட்சு புறப்படுவது அங்கிருந்துதான். பெரிய வீட்டின் கொல்லைப்புறத்தில் தம்பி குடும்பம் ஒண்டிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். சூய்க்கா மாதிரி, வாசலில் தட்டிவிட்டுப் போகிற பயண அட்டை எதுவும் இந்த ரயிலில் செல்லாது. அட்டையைத் தட்டி ஜேஆரில் வந்தவர்கள், அந்தக் கணக்கை முடித்துவிட்டுத்தான் இதில் ஏற வேண்டும். நான் வேடிக்கை பார்த்துக்கொண்டே முடிக்காமல் ஏறிவிட்டேன். சாயங்காலம் திரும்பும்போது அட்டை வேலை செய்யாமல், அத்தையை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, காலையிலிருந்து எங்கே இருந்தேன் என்று விளக்கிக்கொண்டு நின்றேன். முழுக்க என் கவனக்குறைவு. நீங்கள் பட வேண்டாம்.

டிக்கெட்டை வண்டிக்குள்ளேயே கண்டக்டர் வந்து கொடுக்கிறார். நான் போனபோது முனைக்கு முனை 350 யென், நாள் முழுவதும் ஏறி இறங்குகிற பாஸ் 700 யென். போக வர ஆகிற அதே காசுதான், நடுவில் ஒரு இடத்தில் இறங்கினாலே லாபம். யோசிக்காமல் பாஸ் வாங்குங்கள். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டே பெட்டி. நாங்கள் ஏறிய வண்டி 1960களில் டோக்கியோவில் கெய்யோ கம்பெனிக்காக ஓடியது. அங்கே வயதானதும் ஷிகோகு தீவில் இயோ ரயில்வேக்குப் போய் இருபது வருஷத்துக்கு மேல் உழைத்துவிட்டு, 2010இல் இங்கே வந்து சேர்ந்தது. இந்தக் கம்பெனி புது வண்டி வாங்கிப் பழக்கமில்லை. அதற்கு முன்பு வைத்திருந்தவற்றில் டோக்கியோ கின்சா சுரங்க ரயிலின் பழைய பெட்டிகளும் உண்டு. நாங்கள் போய்வந்த பிறகு, 2024இல் ஒசாகா பக்கத்து நான்காய் ரயில்வேயின் பழைய வண்டி ஒன்றும் வந்திருக்கிறது. இதையெல்லாம் அத்தைக்குச் சொன்னேன். இருக்கையின் வெல்வெட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "அப்ப இது மூணாவது மாமியா வீடா இதுக்கு?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனாலும் சுத்தமா வெச்சிருக்கறாங்க கண்ணு" என்று சேர்த்துக்கொண்டார்.

வண்டி கிளம்பி அரைக் கிலோமீட்டரில் நாகானோச்சோ. கதவு திறந்ததும் ஒரு வாசம் உள்ளே வரும் பாருங்கள். அத்தை தலையைத் தூக்கி மூக்கை உறிஞ்சி, "யாரோ பாகை முறுக விட்டுட்டாங்க" என்றார். பாகு இல்லை, சோயா சாஸ். ஸ்டேஷனை ஒட்டியே யமாசா கம்பெனியின் தொழிற்சாலை. சோஷி ஊரே சோயா சாஸில் ஊறிய ஊர்தான். ஹிகேத்தா 1616இல் தொடங்கியது, யமாசா 1645இல். யமாசாவைத் தொடங்கியவர் மேற்கே கிஷூ நாட்டிலிருந்து, அதாவது இன்றைய வாகாயாமாவிலிருந்து, வந்தவர். இந்த ரயில் முடிகிற தோகாவா துறைமுகத்தை 1658இல் உண்டாக்கிய சாகியாமா ஜிரோஎமோனும் அதே கிஷூக்காரர். மீனுக்கும் சோயாவுக்கும் அங்கிருந்து ஆள் வந்து நாற்றுப் போட்ட மாதிரி உருவான ஊர் இது.

நாகானோச்சோவில்தான் ரயில் பணிமனையும் இருக்கிறது. நுழைவுச் சீட்டு ஒன்று வாங்கினால் உள்ளே போய்ப் பார்க்கலாம். பார்க்க வேண்டியது தேக்கி 3 என்ற மின்சார எஞ்சின். 1922இல் ஜெர்மனியின் ஏஇஜி கம்பெனி செய்தது, எடை பத்து டன். எஞ்சின் என்று சொல்வதைவிட, நான்கு சக்கரம் வைத்த கறுப்புப் பெட்டிக்கடை என்று சொல்லலாம். நடுவில் ஒரு ஆள் நிற்கிற அறை, முன்னும் பின்னும் சரிந்த மூக்கு, தலைக்கு மேல் கம்பியைத் தொட ஒரு வளையம், அவ்வளவுதான். முதலில் யாமாகுச்சி மாகாணத்து நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டு 1941இல் இங்கே வந்தது. சோயா சாஸ் ஆலைக்கான சரக்கு வேகன்களை இதுதான் இழுத்தது. 1984இல் சரக்குப் போக்குவரத்து நின்றது, இதன் வேலையும் முடிந்தது. ரயில் பைத்தியம் பிடித்த ஆட்கள் இதன் முன்னால் அரை மணி நேரம் நிற்கிறார்கள். நான் பத்து நிமிடம் நின்றேன், அத்தை வெயிலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பாதையின் பூர்வீகம் ஒரு தோல்வி. 1913 டிசம்பரில் சோஷி உல்லாச ரயில்வே என்று ஒன்று இங்கே, இப்போது கடைசிக்கு முந்தின ஸ்டேஷனாக இருக்கிற இனுபோ வரைக்கும் நீராவி எஞ்சின் விட்டது. பெயரே உல்லாசம், சுற்றுலாக்காரர்களை நம்பி ஆரம்பித்தது. கூட்டம் வரவில்லை. முதல் உலகப்போரில் இரும்பு விலை எகிறியது. ரயில் ஓட்டிச் சம்பாதிப்பதைவிடத் தண்டவாளத்தை விற்றால் லாபம் என்று கணக்குப் போட்டு, 1917 நவம்பரில் மூடிவிட்டுத் தண்டவாளத்தைப் பெயர்த்து விற்றுவிட்டார்கள். நான்கு வருஷம்கூட முழுசாக ஓடவில்லை. பிறகு புதிய கம்பெனி ஒன்று அதே தடத்தில் மறுபடி தண்டவாளம் போட்டு, 1923 ஜூலை 5இல் தோகாவா வரைக்கும் ரயில் விட்டது. 1925இல் மின்சாரம் வந்தது. இன்றைக்கும் அதே 600 வோல்ட். 1945 ஜூலையில் சோஷியில் குண்டு விழுந்தபோது மின் நிலையமும் பணிமனையும் எரிந்துபோய் வண்டி நின்றது. அதையும் தாண்டி எழுந்து, 1948இல் இப்போதைய கம்பெனியாக ஆனது.

அதாவது நாங்கள் போன வருஷம் இந்தப் பாதைக்கு நூறாவது வயது.

கன்னோன் ஸ்டேஷனைப் பற்றிச் சொல்ல பெரிதாக இல்லை. பக்கத்தில் பழைய கோயில் இருக்கிறது. 1976 முதல் 2017 வரை இந்த ஸ்டேஷனுக்குள்ளேயே தாயாக்கி, அதாவது மீன் அச்சில் வார்த்த இனிப்புப் பணியாரம், சுட்டு விற்றார்கள். ரயில் கம்பெனி அடுப்பு மூட்டிய முதல் இடம் இது என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்தது மோட்டோ சோஷி. இங்கிருந்து பாதை ஒரு பள்ளத்தில் இறங்கி மரங்களுக்கு நடுவே நுழைகிறது. இரண்டு பக்கமும் கிளைகள் கண்ணாடியை உரசுகிற அளவுக்கு வரும். ஜன்னலுக்கு வெளியே பச்சை, உள்ளே எல்லோர் முகத்திலும் பச்சை. அத்தை சட்டென்று என் கையைப் பிடித்து, "இதுதான் கண்ணு ரயிலு" என்றார். இந்த ஸ்டேஷன் பெயரில் ஒரு வார்த்தை விளையாட்டும் இருக்கிறது. சோஷி என்ற ஊர்ப் பெயரும், உடம்பும் மனசும் ஒழுங்காக இருக்கிற நிலைக்கு ஜப்பானியர் சொல்லும் வார்த்தையும் காதுக்கு ஒன்றுதான். மோட்டோ சோஷியின் எழுத்துக்களை வேறு மாதிரி வாசித்தால் 'முழு தெம்பு' என்று வரும். அந்தப் பெயர் போட்ட டிக்கெட்டை ராசிக்காக வாங்கிப் பர்சில் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. இந்தக் கம்பெனி வார்த்தையை வைத்துப் பிழைக்கிற கம்பெனி என்பது போகப் போகப் புரியும்.

அடுத்த ஸ்டேஷன் அதற்குச் சாட்சி. பெயர் கசாகாமி குரோஹாயே. ஸ்டேஷன்களுக்குப் பெயர் சூட்டும் உரிமையை 2015இல் காசுக்கு விட்டார்கள். இதை எடுத்தது ஒரு ஷாம்பு கம்பெனி. கசாகாமியைக் கொஞ்சம் திருப்பி 'காமிகே குரோஹாயே' என்று போட்டார்கள். அதாவது 'தலைமுடி கறுப்பா முளைக்கும்'. இதை விளக்கியதும் அத்தை, "அப்ப உம்புருசனை இங்க கொண்டாந்து ஒரு வாரம் உட்டுட்டுப் போலாமா?" என்றார். எதிர் சீட்டுப் பாட்டிக்குத் தமிழ் புரிந்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் அவரும் சிரித்தார்.

ஒற்றைப் பாதையில் எதிரெதிர் வண்டிகள் ஒதுங்க முடிகிற ஒரே ஸ்டேஷனும் இதுதான். இங்கே இறங்காவிட்டாலும் முன் பெட்டிக்குப் போய் நின்று பாருங்கள். ஓட்டுநர் ஒரு அடையாளத்தை ஸ்டேஷன்காரரிடம் கொடுத்துவிட்டு, அடுத்த பகுதிக்கான அடையாளத்தை வாங்கிக்கொள்வார். அது கையில் இருக்கிற வண்டி மட்டும்தான் அந்தத் தண்டவாளத்தில் நுழையலாம். மற்ற இடங்களில் கம்ப்யூட்டர் செய்கிற வேலையை இங்கே கைக்குக் கை மாற்றி முடித்துக்கொள்கிறார்கள். கொடுப்பவரும் வாங்குபவரும் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு அப்படி ஒரு பவ்யமாகச் செய்கிறார்கள், பிரசாதம் வாங்குவது போல.

அதைத் தாண்டியதும் முட்டைக்கோஸ் வயல்கள். சோஷியின் வசந்தகால முட்டைக்கோஸ் பேர்போனது. நாங்கள் போனது சரியான பருவம். அத்தைக்குக் கடலைவிட இதுதான் பிடித்தது என்று நினைக்கிறேன். "மண்ணு செகப்பா இருக்குது", "வரப்பு நேரா போட்டிருக்கறான்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அஷிகாஜிமா வந்தது, டோக்கியோவைச் சுற்றியிருக்கிற கான்டோ பிரதேசத்திலேயே கிழக்கே கடைசி ஸ்டேஷன். கிமிகாஹாமா வந்தது. அங்கே இத்தாலி பாணியில் கட்டிய வளைவு பழுதாகிக் கழற்றிவிட்டதால் வெறும் தூண்கள் மட்டும் நிற்கின்றன. பார்த்தால் புராதனக் கோயில் இடிபாடு போலவே இருக்கிறது. திட்டமிட்டுச் செய்திருந்தால்கூட இவ்வளவு அழகாக வந்திருக்காது.

இனுபோவில் இறங்கினோம். ஓடு பதித்த வெள்ளைச் சுவரோடு போர்ச்சுகல் நாட்டு வீடு மாதிரி கட்டியிருக்கிறார்கள். உள்ளே போனால் ஸ்டேஷன் என்ற பெயரில் ஒரு பலகாரக் கடை. இந்த ரயிலின் உயிர் இருப்பது இங்கேதான். நுரே செம்பே.

செம்பே என்றால் அரிசி மாவில் தட்டிச் சுடுகிற வில்லை. மொறுமொறுப்பாக இருக்கும், நம் தட்டைக்குத் தூரத்து உறவு. நுரே என்றால் நனைந்த. சுட்ட சூட்டோடு சோயா சாஸில் முக்கி, வேண்டுமென்றே மெத்தென்று ஆக்கிவிடுகிறார்கள். சோஷியின் சொந்தத் தின்பண்டம் இது. ரயில் கம்பெனி 1995இல் இதைச் செய்ய ஆரம்பித்தது.

ஒரு பாக்கெட்டைப் பிரித்து அத்தையிடம் நீட்டினேன். வேண்டுமென்றே எதுவும் சொல்லவில்லை. உள்ளங்கை அளவு, அடர்ந்த பழுப்பு, மேலே சுருக்கம் விழுந்து, ஓரத்தில் மட்டும் கருகின கோடு. வழக்கம்போல் காதருகே கொண்டுபோய் உடைத்தார். உடையவில்லை. தோசை மாதிரி மடிந்தது. மறுபடி மடித்தார். முகம் மாறியது. கடைப் பெண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில், "நமுத்துப் போச்சு அம்மிணி. நாம வெளியூருன்னு தெரிஞ்சு பழசைக் குடுத்துட்டா. திருப்பிக் குடுத்துட்டு வா" என்றார்.

"இல்லீங் அத்தை, இது இப்படித்தான்."

"எப்படித்தான்?"

"நமுத்துப் போக வெச்சுத்தான் விக்கறாங்க."

அத்தை என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் திறமை போதாது. முப்பது வருஷம் டின் டின்னாக மாட்டுக்குப் போட்டவர். கடைசியில் ஓரத்தைக் கடித்தார். முதலில் உப்பு, கொஞ்சம் தூக்கலாகவே. அப்புறம் பல்லுக்கு நடுவே இழுபடும், ஜவ்வு மாதிரியும் இல்லை, ரொட்டி மாதிரியும் இல்லை. நன்றாக மென்ற பிறகுதான் அரிசியின் இனிப்பு மெதுவாக வரும். அவசரமாக விழுங்குகிறவர்களுக்கு வெறும் உப்புதான் தெரியும். அத்தை ஒன்றை முழுசாகத் தின்று முடித்துவிட்டு, "என்ன அரிசின்னு கேளு" என்றார். கேட்டேன். மோச்சி செய்கிற பசை அரிசி இல்லை, சோறு பொங்குகிற சாதா அரிசிதான். "எத்தனை நாளு இருக்கும்னு கேளு." பாக்கெட்டின் பின்னால் இருந்த தேதியைக் காட்டினார் கடைப் பெண். அத்தை விரலால் எண்ணிப் பார்த்துவிட்டு இன்னொன்றை எடுத்துக்கொண்டார்.

மூன்று வகை இருக்கிறது. சிவப்பு பாக்கெட் அழுத்தமான சோயா, நீலம் இளசு, பச்சை இனிப்பு. என் ஓட்டு நீலத்துக்கு. சிவப்பு எனக்கு உப்புக் கூடுதல், அத்தைக்குச் சிவப்புதான். பச்சை குழந்தைகளுக்கு. வீட்டில் நெருப்பில் லேசாக வாட்டினால் ஓரம் மட்டும் மொறுமொறுப்பாகும், அப்படியும் தின்னலாம்.

இந்த வில்லைதான் ரயிலைக் காப்பாற்றியது என்பது வெறும் விளம்பரப் பேச்சு இல்லை. முன்னாள் தலைவர் ஒருவர் கம்பெனிப் பணத்தைக் கையாடல் செய்த விவகாரம் 2006இல் வெடித்து அவர் கைதானார். கடன் கழுத்தை நெரித்தது. சட்டப்படி வண்டிகளைப் பிரித்துப் பரிசோதனை செய்தாக வேண்டும், அதற்குக் காசில்லை. அந்த நவம்பரில் கம்பெனி தன் இணையதளத்தில் நாட்டு மக்களைக் கெஞ்சியது: நுரே செம்பே வாங்குங்கள், ரயிலை ரிப்பேர் செய்யக் காசு சம்பாதித்தாக வேண்டும். ஜப்பான் முழுவதிலிருந்தும் ஆர்டர் கொட்டியது. அனுப்பி முடிக்க முடியாத அளவுக்கு. பரிசோதனையும் முடிந்தது, வண்டியும் ஓடியது. அன்றிலிருந்து இன்றுவரை டிக்கெட்டில் வருவதைவிடத் தின்பண்டத்தில் வருவதுதான் அதிகம். நிறுவனங்களின் நிதி நிலையைப் பதிவுசெய்கிற இடத்தில் இவர்களை அரிசிப் பலகாரத் தயாரிப்பாளர் என்றுதான் எழுதியிருக்கிறார்கள் என்பதை இவர்களே சொல்லிச் சிரிக்கிறார்கள்.

2012இல் தலைவரானவர் தொழிலால் வரிக் கணக்காளர். ஓட்டுநர் உரிமமும் வாங்கிக்கொண்டு அவரே வண்டி ஓட்டுகிறார். "நாங்கள் ரயில் கம்பெனி, ஆனால் சைக்கிள் பிழைப்பு" என்பது அவர் சொல்லிச் சொல்லிப் பழகிப்போன ஜோக். மிதிப்பதை நிறுத்தினால் விழுந்துவிடுகிற, கைக்கும் வாய்க்குமான தொழிலை ஜப்பானியில் சைக்கிள் தொழில் என்பார்கள். 2018இல் மசுயிபோ என்று ஒரு சோளக் குச்சி கொண்டுவந்தார்கள். மசுயி என்றால் ருசியில்லை என்றும் அர்த்தம், நிலைமை மோசம் என்றும் அர்த்தம். ருசி நன்றாகத்தான் இருக்கிறது, கம்பெனி நிலைமைதான் மசுயி என்கிறார்கள். கோடையில் வண்டிக்குள்ளேயே பேய் வீடு நடத்துகிறார்கள். தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கிற ஜல்லிக் கல்லைக்கூட டப்பாவில் அடைத்து விற்றிருக்கிறார்கள். 1917இல் தண்டவாளத்தையே விற்றவர்களின் தடத்தில் ஓடுகிற கம்பெனி, தண்டவாளத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் விற்கிறது என்று எனக்குத் தோன்றியது.

இதில் எனக்கு ஒரு சந்தேகமும் உண்டு. ஏழ்மையையே காட்சியாக்கி எத்தனை நாள் ஓட்ட முடியும்? ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சிரிக்கச் சிரிக்க, 'காசில்லை, காசில்லை' என்று கேட்டுக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் சலிக்கத்தானே செய்யும்? ஆனால் 2014 ஜனவரியில் வண்டி தடம் புரண்டபோது, ரிப்பேருக்குக் காசில்லாமல் நின்றதைப் பார்த்து இணையத்தில் பணம் திரட்டிக் கொடுத்தவர்கள் உள்ளூர் வணிக உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகள். அவர்கள் ஜோக்குக்குச் சிரித்துக் காசு கொடுத்தவர்கள் இல்லை, இந்த வண்டியைத் தினமும் பார்த்து வளர்ந்தவர்கள். அதனால் என் சந்தேகத்தை அதிகம் இழுக்கவில்லை.

இனுபோவிலிருந்து கலங்கரை விளக்கம் பத்து நிமிட நடை. 1874 நவம்பரில் ஏற்றியது, ரிச்சர்ட் பிரண்டன் என்ற பிரிட்டிஷ் எஞ்சினியர் வடிவமைத்தது, உயரம் 31 மீட்டர். உள்ளே 99 படி. அத்தையின் முட்டி 99 படிக்கு ஒத்துக்கொள்ளாது. நான் ஏறினேன். மேலே காற்றில் தலைமுடி ஒரு பக்கமாகவே நின்றது. கீழே வெள்ளைத் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் அத்தை உட்கார்ந்து சிவப்பு பாக்கெட்டிலிருந்து இன்னொன்றை எடுப்பது மேலிருந்தே தெரிந்தது. தீவுகளையும் மலை உச்சிகளையும் விட்டுவிட்டால், ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் புத்தாண்டுச் சூரியன் முதலில் தெரிகிற இடம் இது. ஜனவரி 1 காலை 6:46. அன்றைக்கு மட்டும் ரயிலும் விடியற்காலையில் ஸ்பெஷலாக ஓடும். அந்தக் கூட்டத்தில் வயதானவர்களைக் கூட்டிப் போக நான் சொல்ல மாட்டேன்.

நிறையப் பேர் இனுபோவோடு திரும்பிவிடுகிறார்கள். அது தப்பு. இன்னும் ஒரே ஒரு ஸ்டேஷன்தான் தோகாவா. 1923இல் கட்டிய மரக் கட்டடம் அப்படியே நிற்கிறது. கறுத்துப்போன மரம், கையால் எழுதிய கட்டணப் பலகை, தேய்ந்து வழுவழுப்பான மர பெஞ்சு. ஓய்வு பெற்ற பழைய பெட்டி ஒன்றைப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தண்டவாளம் ஒரு புல் மேட்டோடு முடிகிறது. அங்கிருந்து சந்துகள் நேராகத் துறைமுகத்துக்குச் சரிகின்றன. ஒவ்வொரு சந்தின் முடிவிலும் ஒரு துண்டுக் கடல். அத்தை பாதிச் சந்து இறங்கி, ஒரு வீட்டு வாசலில் மீன் காயப் போட்டிருந்த கம்பித் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வீட்டு அம்மா வெளியே வந்து தலை குனிந்தார், அத்தையும் கும்பிட்டார். இரண்டு பேரும் அவரவர் மொழியில் வெயிலைப் பற்றித்தான் பேசினார்கள் என்று நினைக்கிறேன், இரண்டு பேர் கையும் வானத்தைக் காட்டியது.

வண்டி கிட்டத்தட்ட மணிக்கு ஒன்று. நேரம் பார்க்காமல் சந்தில் இறங்கிவிட்டால் என்னைப் போல் ஐம்பது நிமிடம் அந்த மர பெஞ்சில் உட்கார வேண்டிவரும். எனக்கு அது வருத்தமில்லை. ஆனால் அன்றே திரும்பும் எக்ஸ்பிரஸுக்குச் சீட்டு எடுத்திருப்பவர்கள் முதலில் அட்டவணையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் டோக்கியோவில் கிளம்பினால் நாகானோச்சோ, இனுபோ, தோகாவா மூன்றையும் நிதானமாகப் பார்க்கலாம். மீதி ஸ்டேஷன்களை ஜன்னலிலிருந்து பார்த்தால் போதும். சின்னக் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் நல்ல பயணம். நடுவயதில், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே வருகிற என் வீட்டுக்காரர் மாதிரி ஆட்களுக்கு இருபது நிமிடம் போவதே தெரியாது.

அத்தை ஊருக்குப் போகும்போது சிவப்பில் ஆறு பாக்கெட் பெட்டியில் வைத்துக் கொண்டு போனார். போன மாதம் போனில் பேசும்போது, "அந்த நமுத்த பண்டம் மாதிரி செஞ்சு பாத்தேன் கண்ணு" என்றார். தட்டை சுட்டு, ஆறவிட்டு, கடையில் வாங்கிய சோயாவில் போட்டிருக்கிறார்.

"எப்படி வந்துச்சுங் அத்தை?"

"கூழாப் போச்சு. அவன் சூட்டோட போடறான்ல, அங்கதான் இருக்குது. நாளைக்கு மறுக்கா சுடறேன்."